மைனிக்கு ஒரு பரிந்துரை

ஒரு படத்தை இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டுமென்றால் நேரில் போய் நிற்க வேண்டும் என்று சட்டம் வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் போனே சொல்லும். இதைப் பார், அதைப் பார், இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தார்கள் என்று விடாமல் காதைக் கடிக்கும். யார் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரிந்த பிறகு, தேர்தல் நேரத்து அரசியல் படங்களுக்கு மட்டும் கடிவாளம் போட்டார்கள்.

பரிந்துரைக்கிறவரும் பார்க்கிறவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். இரண்டு போன்களையும் ஒட்டி வைத்து இருவரும் கட்டைவிரல் பதிக்க வேண்டும். ஏன் பார்க்கச் சொல்கிறார் என்பதைப் பரிந்துரைக்கிறவர் தன் வாயால் சொல்ல வேண்டும். படம் தொடங்குமுன் அந்தக் குரல்தான் முதலில் கேட்கும். ஒரு தேர்தலுக்கு ஒருவருக்கு ஒரே ஒரு பரிந்துரை.

சவேரியார்பட்டினத்தில் இதை வைத்து நடந்த கூத்துகள் கொஞ்சமில்லை. மாமியாருக்குப் பரிந்துரை கொடுத்துவிட்டு மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட ஒரு வாத்தியார் மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார் என்று பேச்சு. டெல்வினுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை, கல்யாணம் ஆகவில்லை. அவனிடம் இருந்தது ஒரு படம், ஒரு பரிந்துரை, நாலு நாள் அவகாசம். வியாழக்கிழமை அவன் கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். பரிந்துரைக்க வேண்டியது பெற்ற தாய்க்கு. அதற்குத்தான் அவனுக்குக் கை எழவில்லை.

அந்தப் படத்தை அவனுக்குப் பரிந்துரைத்தவள் ஷெரின், அவன் சித்தப்பா பிரான்சிஸின் மகள். சென்னையில் படங்களுக்கு ஒலி சேர்க்கிற வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு அவனைக் கடற்கரைக்கு வரச் சொன்னாள். அவள் அப்பாவின் படகு இரண்டு வருடமாக அங்கே கவிழ்ந்து கிடக்கிறது. அந்த நிழலில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"என்னோட ஒரே பரிந்துரை இது. எனக்குப் பாத்து வச்சிருக்க மாப்பிள்ளைக்குக்கூடக் குடுக்கல. பெருவெரல வை," என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தபடி சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "டெல்வினண்ணே, இந்தப் படத்துல வார ஆயிரத்துச் சொச்சம் வீட்டுல நம்ம வீடும் ஒண்ணு. அதான் காட்டுதேன்."

படத்தின் பெயர் 'ஏழு ஞாயிறு'. ஐம்பது நிமிஷம் ஓடும் செய்திப்படம். இரண்டு வருடத்துக்கு முன் சவேரியார்பட்டினம் நகராட்சித் தேர்தலில், கண்ணுக்கெட்டாத ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு சிலர் எப்படிக் கை வைத்தார்கள் என்பதுதான் கதை. முகம் மறைத்த ஒரு பெண் அதில் பேசினாள். அந்தச் சிலரிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவளாம். முதலில் நாங்கள் கோபத்தைத்தான் முயன்றோம், கோபம் மலிவாகக் கிடைத்தது, ஆனால் வேலை செய்யவில்லை என்றாள் அவள். டெல்வின் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினான்.

"எனக்கு வெளங்கல. நீயே சொல்லு."

"சண்ட மூட்டிவிட்டா பத்துல ஒரு ஆளுதான் அவனுக சொன்னதக் கேட்டிருக்கான்," என்றாள் ஷெரின். "சண்டையத் தீத்து வச்சா பத்துக்கு எட்டுப் பேரு கேட்டிருக்காங்க. அதனால பேச்சுவார்த்தை இல்லாத வீடாத் தேடியிருக்கானுக. தாய்க்கும் மவனுக்கும் ஒரு வருசமா போனே போகலன்னா அது அவனுகளுக்குத் தெரிஞ்சிரும். அந்த மவன் கூட்டாளிமாருக்கு அனுப்புன குரல் பதிவையெல்லாம் எடுத்து, அவன் குரல்லயே பேசுத மாதிரி ஒண்ணு செஞ்சிருக்கானுக. அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், அழும், சிரிக்கும். ஞாயித்துக்கிழம தவறாம தாயைக் கூப்பிடும். ஆறு வாரம் அரசியல் பேச்சே கிடையாது. நடந்ததுக்கு மன்னிப்புக் கேக்கும், ஒடம்ப விசாரிக்கும், அவ்வளவுதான்."

"ஏழாவது வாரம்?"

"ஊர்ல காய்ச்சல் பரவுது, கூட்டத்துல போய் நிக்காதீங்க, இந்தத் தடவை ஓட்டுப் போட வேண்டாம், எனக்காக வீட்டுல இருங்கன்னு ஒரே ஒரு உதவி கேக்கும். எந்தத் தெரு அவனுக ஆளுக்கு எதிரா ஓட்டுப் போடும்னு தெரிஞ்சு அந்தத் தெருவுக்கு மட்டும். ஆயிரத்து நூத்தி நாப்பது வீடு. ஜெயிச்சது இருநூத்திப் பதினொரு ஓட்டுல."

அதற்கப்புறம் நடந்தது டெல்வினுக்கே தெரியும். புதுத் தலைவர் உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே, கடலடி மணலை உறிஞ்சும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு நகராட்சி தடையில்லை என்று எழுதிக் கொடுத்தது. நாலு கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை விழுந்தது. பிரான்சிஸ் சித்தப்பா படகைக் கவிழ்த்துவிட்டு இப்போது அடுத்தவர் படகில் ஆளாகப் போகிறார். ஒரு வழியாக நீதிமன்றம் அந்தத் தேர்தலே செல்லாது என்றுவிட்டது. இன்னும் பத்தொன்பது நாளில் மறுதேர்தல்.

"அவனுக வச்சிருந்த வீட்டுப் பட்டியல்ல ஒன் பேரு இருக்குண்ணே," என்றாள் ஷெரின். "குரல்: டெல்வின். அழைக்கப்பட்டவர்: தாய் பிரகாசி. ஏழு தேதி போட்டிருக்கு. கடேசியா ஒரு கட்டத்துல 'வெற்றி'ன்னு எழுதியிருக்கு."

"என்ன பேசிச்சுன்னு இருக்கா?"

"அத அழிச்சிட்டானுக."

டெல்வின் படகின் அடிப்பலகையில் ஒட்டிக் காய்ந்துபோன சிப்பிகளை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் திகைப்பைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஏனென்றால் பாதி விஷயம் அவனுக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

அப்பா இறந்தபோது அவன் கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. தகவல் வந்த அரை மணி நேரத்தில் கேப்டன் கூப்பிட்டு, இறங்கிப் போய் விமானம் பிடி என்றார். டெல்வின் போகவில்லை. அப்பாவின் முகத்தைப் பெட்டிக்குள் பார்க்கத் தைரியம் வரவில்லை. இருபது பேர் வேலை செய்யும் எஞ்சின் அறையை ஆட்டிப் படைக்கிறவன், அன்றைக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்குப் போன் போட்டு, கேப்டன் விடமாட்டேன் என்கிறார் என்று சொன்னான். அதே கப்பலில் சமையல் வேலை பார்த்தவனின் தாய் மூலம் உண்மை ஊருக்கு வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. வேற்று ஊர்க்காரனோடு வேலை பார்த்திருந்தால் தப்பித்திருப்பான். சவேரியார்பட்டினத்துக்காரர்களுக்கு உலகத்தின் எந்தக் கப்பலிலும் ஒரு சொந்தக்காரன் இருப்பான்.

"என் மூஞ்சில முழிக்காத," என்று டெல்வினின் தாய் போனை வைத்தாள். அதோடு ஒன்றேகால் வருடம் பேச்சில்லை.

பிறகு ஒருநாள் ஒப்பந்தம் முடிந்து, போக இடமில்லாமல் வீட்டுக்கே வந்தான். வாசலில் பையோடு நின்றான். என்ன சொல்வது என்று டர்பனிலிருந்து யோசித்தும் ஒரு வார்த்தை தேறவில்லை. அவள் கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ள வாய்யா. நீதான் எல்லாத்தையும் சொல்லிட்டியே, இன்னும் என்ன அங்கன நிக்க?" என்றாள். அன்றைக்குச் சீலா மீன் குழம்பு.

யாரோ தன் பெயரில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. சித்தப்பாமாரில் ஒருவராக இருக்கும், பங்குச் சாமியாராகக்கூட இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கேட்டால் கெட்டுப்போகும் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் போனை எதிர்பார்ப்பது தெரிந்ததும், எந்தக் கடலில் இருந்தாலும் கூப்பிட ஆரம்பித்தான். யாரோ போட்டுக்கொடுத்த பாதையில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டிருந்தான் என்று வையுங்கள். போட்டுக்கொடுத்தவன் யார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

"அப்ப அந்தக் களவாணிக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்," என்றான் ஷெரினிடம். "அவன் சேத்து வச்சது. இப்ப நான் போய், அது நான் இல்ல, நான் உங்ககிட்ட மன்னிப்பே கேக்கலன்னு சொல்லணுமாக்கும்."

"படம் எடுத்தவங்களுக்கும் இந்த ரோசனை வந்துச்சு. ஆயிரம் வீட்டுல சேந்த சொந்தம் மறுபடி பிரியுமேன்னு ஆறு மாசம் படத்த வெளியிடாம வச்சிருந்தாங்க."

"சொல்லாட்டா என்ன?"

"வியாழக்கிழம நீ போயிருவ. தேர்தலுக்குள்ள ரெண்டு ஞாயித்துக்கிழம கிடக்கு. ஒரு தடவை சொன்னதக் கேட்டவங்களத்தான் முதல்ல கூப்பிடுவானுக. நீ கடல்ல இருக்கும்போது ஒன் குரல்ல பெரியம்மாவ எவனோ கூப்பிடுவான். அவங்க நம்பிப் பேசுவாங்க. சிரிப்பாங்க." ஷெரின் படகைத் தட்டினாள். "நான் இந்தப் படகுக்காகச் சொல்லலண்ணே. பெரியம்மா எவன்கிட்டயோ சிரிச்சுப் பேசுதத நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல."

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரகாசி அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தபோது கணவருக்குக் கீழே நாலு தம்பிமார், கடைசி ஆளுக்கு ஒன்பது வயது. எல்லோருக்கும் அவள் மைனி. அந்தக் கரையில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'மைனி சோறு', 'மைனி என் சட்டை', 'மைனிட்ட கேளு' என்று விடிந்தால் அடைந்தால் இதே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசப் பழகிய டெல்வினும் மைனி என்றே ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள், யாரும் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை டீச்சர், ஏன் அண்ணியைக் கூட்டி வந்தாய், அம்மா ஊரில் இல்லையா என்று கேட்டுவிட்டார். கொழுந்தன்மார் மரியாதையாக 'நீங்க' என்பதால் அவனுக்கும் 'நீங்க'தான். இப்போது கொழுந்தன்மார் நாலு பேரும் தனித்தனி வீடு. மைனியும் டெல்வினும் மட்டும் மிச்சம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, அவள் பின்கட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அவனுடைய கப்பல் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சட்டையிலும் பொத்தான் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் கிளம்புமுன் அவற்றைப் பிரித்துத் திரும்பத் தைப்பது அவள் வழக்கம். கடைக்காரன் தையலை அவள் நம்புவதில்லை.

டெல்வின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான். இரண்டு போன்களையும் ஒட்டி வைத்தான்.

"மைனி, ஒரு படம். நீங்க பாக்கணும்."

"பரிந்துரையா?" அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கா குடுக்க? பக்கத்து வீட்டு எஸ்தருக்கு அவ மவன் குடுக்கவே இல்லன்னு மூக்கச் சிந்திக்கிட்டுத் திரியுதா. பாட்டு இருக்கா?"

"பாட்டு இல்ல."

"பின்ன?"

அவன் கட்டைவிரலை வைத்தான். அவளும் வைத்தாள். அவள் விரலில் மீன் முள் குத்திய பழைய தழும்பு இருந்தது. போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது, இனி பேச வேண்டியதுதான். ஏன் இந்தப் படத்தைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று திரை கேட்டது.

தேர்தல் பற்றிய நல்ல படம், எல்லோரும் பார்க்க வேண்டியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சட்டத்துக்கு அது போதும். டெல்வின் அதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். விரலுக்குப் பக்கத்தில் அவள் விரல் இருந்ததனாலோ என்னவோ, வேறு வந்தது.

"மைனி. ரெண்டு வருசத்துக்கு முன்னால உங்களுக்கு ஏழு ஞாயித்துக்கிழம போன் வந்துச்சுல்லா. அது எதுவும் நான் பண்ணல. என் குரல்ல வேற எவனோ பேசியிருக்கான். அது என்ன சொல்லிச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. நான் உங்ககிட்ட மன்னிப்பே கேக்கல. அப்பா சாவுக்கு நான் வந்திருக்கலாம். கேப்டன் போன்னுதான் சொன்னாரு. எனக்குப் பயம். அப்பாவ அப்படிப் பாக்கப் பயந்துக்கிட்டு வரல. பொய் சொல்லிட்டேன். இந்தப் படத்துல அந்த ஏழு போன் பத்தி இருக்கு. இனிமேயும் வரும். அதான் காட்டுதேன்."

புள்ளி அணைந்தது. திரை இருண்டு, முதலில் அவன் குரலே திரும்ப ஒலித்தது. மைனி, ரெண்டு வருசத்துக்கு முன்னால என்று ஆரம்பித்து, அவன் எச்சில் விழுங்கிய சத்தம்கூட விடாமல் எல்லாவற்றையும் அவள் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொன்னது. டெல்வின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். படம் தொடங்கப்போகும்போது அவள் கை நீட்டி நிறுத்தினாள்.

"படம் கிடக்கட்டும். பெறவு பாப்போம்," என்றாள். "அது நீ இல்லன்னு எனக்கு முதல் போன்லயே தெரியும்யா."

அவன் நிமிர்ந்தான்.

"போன எடுத்ததும் 'அம்மா, நான்தான், எப்படி இருக்க'ன்னுச்சு." அவள் லேசாகச் சிரித்தாள். "அம்மாவாம். என்னைக்குல நீ என்ன அம்மான்னு கூப்ட்ட? என்னைக்கு நீ வா, போன்னு பேசின?"

உலகத்து மூளையெல்லாம் சேர்ந்து செய்த கருவி அது. அவன் சிரிப்பை, இருமலை, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அலுத்துக்கொள்வதைக்கூடக் கற்றிருந்தது. ஆனால் கூட்டாளிகளிடம் பேசும்போது யாராக இருந்தாலும் 'எங்கம்மா' என்றுதானே சொல்வார்கள்? அவனும் அப்படித்தான் சொல்லியிருந்தான். நேரில் அவளை எப்படிக் கூப்பிடுவான் என்பது அந்தப் பதிவுகளில் எதிலும் இல்லை.

"தெரிஞ்சுமா பேசினீங்க?"

"மொதல்ல பேங்க் திருடன்னு நெனச்சேன். நம்பர் கேக்கட்டும், நல்லா நாலு குடுப்போம்னு காத்துக்கிட்டு இருந்தேன். கேக்கல. சாப்ட்டியாம்மான்னு கேட்டுச்சு. கால்வலி எப்படி இருக்குன்னுச்சு. அப்பா சாவுக்கு வராதது தப்புதாம்மா, பயந்துட்டேன்னு அழுதுச்சு." அவள் குரல் இறங்கியது. "நீ இப்ப சொன்ன அதே வார்த்தை. பயம்னு. அது எப்படி அதுக்குத் தெரிஞ்சுதோ."

அவனுக்குத் தெரியும். சாந்தோஸ் துறைமுகத்தில் குடித்துவிட்டு ஒரு சிநேகிதனுக்கு அழுது அனுப்பிய பதிவு ஒன்று உண்டு. காலையில் அழித்தான். அழிந்தது என்று நம்பினான்.

"ஒனக்கு அஞ்சு வயசுல ஒருநாள் அம்மான்னு சொல்லுடான்னு சொல்லிக்குடுத்தேன்," என்றாள் பிரகாசி. "கூச்சப்பட்டுக்கிட்டு கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கிட்ட. சரி, பிள்ளைய எதுக்குப் போட்டுப் பாடாப்படுத்தணும்னு விட்டுட்டேன். அதுக்குப் பெறவு என்ன யாரு அம்மான்னு கூப்பிட? அந்தத் திருட்டுப்பய கூப்ட்டான். அதுவும் ஒன் குரல்ல. வச்சிரலாம்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். இன்னும் ஒரு தடவை சொல்லட்டும், வச்சிருவோம்னு இருப்பேன்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஊசியைத் தேடுகிறவள்போல மடியைத் தடவினாள்.

"ஏழு வாரம் அழுது முடிச்சப்ப எனக்குக் கோவமே இல்லாமப் போச்சு. பெறவு நீ வந்த. வாசல்ல நின்னியே ஒரு நிப்பு, சொல்லவும் தெரியாம, திரும்பிப் போவவும் தெரியாம. அப்பா மாரியே. பாக்கப் பாவமா இருந்துச்சு. இவன் வாயத் தொறந்து சொல்லணும்னா விடிஞ்சிரும்னுதான், நீ எல்லாத்தையும் சொல்லிட்டன்னு நானே சொன்னேன்."

டெல்வின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். இரண்டு வருடமாக ஒளித்து வைத்தது அவளிடமே பத்திரமாக இருந்திருக்கிறது. அவன் அழுதான். அவள் தடுக்கவில்லை. அவன் தலையில் கை வைத்து, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவளைப்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்யா," என்றாள் கொஞ்சநேரம் கழித்து. "அத இதுவரைக்கும் யாருட்டயும் சொல்லல."

அவனுக்குப் பட்டியலின் கடைசிக் கட்டம் நினைவு வந்தது.

"ஏழாவது வாரம், 'எனக்காக வீட்டுல இரும்மா, ஓட்டுப்போடப் போகாத, சாயங்காலம் கூப்பிடுதேன்'ன்னுச்சு. அப்பவே எனக்கு எல்லாம் வெளங்கிட்டு. ஓ, இதுக்காடா இவ்வளவும்னு. தெரிஞ்சும் நான் போகல. போனா அது கூப்பிடாதுன்னு ஒரு நெனப்பு. கிறுக்குச் சிறுக்கி மாரி கதவச் சாத்திட்டு சாயங்காலம் வரைக்கும் போனப் பாத்துக்கிட்டே இருந்தேன். அது கூப்பிடவே இல்ல." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தினாள். "இருநூத்திப் பதினொண்ணாம். அதுல ஒண்ணு நான். மத்தவங்க பாவம், ஏமாந்தாங்க. நான் ஏமாறல, தெரிஞ்சே செஞ்சேன். பிரான்சிஸ் படகு கவுந்து கெடக்குததப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்கும். அவனுக்கு ஒம்பது வயசிலருந்து சோறு போட்டவ நான்."

டெல்வினுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அது அவர்கள் வீட்டு ஆண்களுக்கு வராத கலை. அவன் போனை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"உங்ககிட்டயும் ஒரு பரிந்துரை இருக்கு மைனி."

அவள் அதைப் பார்த்தாள். புரிந்தது. "அவன் மொகத்துக்கு நேரா எப்படிய்யா சொல்லுவேன்?"

"நான் சொல்லலையா?"

பிறகு இருவரும் படத்தைப் பார்த்தார்கள். முகம் மறைத்த பெண் வந்ததும் பிரகாசி, இவளுக்கும் தாய் இருப்பாளே என்றாள். பாதிப் படத்தில் கண்ணாடி எடுக்கப் போனவள் காப்பியோடு வந்தாள். கடைசிக் காட்சியில் கடற்கரையும் கவிழ்ந்த படகுகளும் வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முடிகிறவரை விடவில்லை.

வியாழக்கிழமை அவன் கிளம்பினான். அடுத்த இரண்டு ஞாயிறும் கப்பலிலிருந்து கூப்பிட்டான். வேறு போன் வந்ததா என்று கேட்டதற்கு, ஒன்று வந்தது, நல்லா நாலு கொடுத்தேன் என்று மட்டும் சொன்னாள். என்ன கொடுத்தாள் என்று விவரம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வசவுகள் அவனுக்குத் தெரியும்.

தேர்தல் நாளன்று கப்பல் மாலத்தீவையெல்லாம் தாண்டி வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேல்தளத்துக்கு வந்து போனை எடுத்தான். பத்து நாளாக ஒரு வார்த்தையை அவன் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். முப்பத்தி நாலு வயதில் அது அவ்வளவு லேசாக வரவில்லை. அந்தப் பக்கம் எடுத்ததும் சட்டென்று சொன்னான்.

"அம்மா. நான்தான்மா."

போன் வைக்கப்பட்டது.

டெல்வின் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு வந்தது. பக்கத்தில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். பிறகு மறுபடி போட்டான்.

"மைனி."

"எய்யா, சொல்லு, நீதானா? இப்பத்தான் ஒரு களவாணிப்பய கூப்ட்டான், வச்சிட்டேன். நான் காலையிலயே மொத ஆளாப் போய் ஓட்டுப் போட்டாச்சு. மை இன்னும் காயல. முந்தாநாளு பிரான்சிஸக் கூப்பிட்டு எதுக்க உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணுமே பேசல, படத்தப் பாத்தான், எந்திரிச்சுப் போயிட்டான். எனக்கு உசுரே இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் ஷெரின்ட்ட ரெண்டு சீலா மீன் குடுத்து விட்டிருக்கான். மைனிக்கு வால்பக்கம் பிடிக்கும்னு சொல்லச் சொன்னானாம்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். மைனி, முன்னாடி கூப்ட்டது களவாணி இல்ல. நான்தான்."

விண்ணுக்குப் போய்த் திரும்புகிற குரல் அது, கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஆனால் அவ்வளவு தாமதம் வழக்கமில்லை. டெல்வின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

"அத போன்ல சொன்னா எப்படிய்யா நம்புவேன்," என்றாள் பிரகாசி. "ஊருக்கு வா. வந்து எதுக்க நின்னு சொல்லு."